ஸ்பெயினில் வைத்த நிறைகுடம்

நாங்கள் ஸ்பெயினுக்குப் போனபோது, என் மகள் என்னை "அப்பா" என்று கூப்பிட்டு ஏழு மாதமாகியிருந்தது.

என்னோடு அடியோடு கதைக்காமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. சாப்பிட்டாயா என்று கேட்டால் "ம்" வரும். பள்ளிக்கூடம் எப்படி என்றால் "ஃபைன்" வரும். ஆனால் தானாக எனக்கு எதையாவது சொல்லவேண்டி வந்தால், நான் பக்கத்துக் கதிரையில் இருக்கும்போதே, குசினிக்குள் நிற்கும் தாயைப் பார்த்து, "அம்மா, அவருக்கு ரெலிபோன்" என்பாள். கனடாவில், மல்வேர்னில், வரிசையாக ஒட்டிக் கட்டின ஒரு சின்ன ரவுண்ஹவுஸ், அதற்குள் இருந்ததே மூன்று பேர். அந்த மூன்று பேரில் நான் "அவர்".

பிழை என்னில்தான். அதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் என்னை நல்லவனாக்கி எழுதுகிறேன் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. அவள் அப்போது எட்டாம் வகுப்பு. ஒக்ரோபரில் பள்ளிக்கூடத்திலிருந்து வடக்கே ஓர் ஏரிக்கரையில் மூன்று நாள் தங்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். நான் கையெழுத்து வைத்தேன். இரண்டு வாரம் யோசித்து, மனைவியோடு சண்டை பிடித்து, கடைசியில் வைத்தேன். அன்று காலை நானே காரில் கொண்டுபோய் இறக்கினேன். பஸ்ஸில் பெடியன்களும் பெட்டைகளும் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தார்கள். நெடுத்த பெடியன் ஒருவன் வந்து, அவளுடைய பையை வாங்கிப் பஸ்ஸின் அடியில் வைக்கப் போனான். அவ்வளவுதான். எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிப்போய்ப் பையைப் பறித்தேன். அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். "நட வீட்டை!" என்று கத்தினேன். பஸ்ஸின் யன்னல் முழுக்க முகங்கள்.

"அப்பா, ப்ளீஸ்," என்றாள் மெதுவாக. அதுதான் கடைசி.

முதலாவது சிவப்பு லைற்றில் நிற்கும்போதே நான் செய்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் அப்போதும் வெளிக்கிட்டிருக்காது, திரும்பிப் போயிருக்கலாம். லைற் பச்சையானதும் நான் வீட்டுப் பக்கமே திருப்பினேன். மன்னிப்புக் கேட்பது என்ற ஒன்று எங்கள் குடும்பத்து ஆம்பிளைகளின் வாயில் வராது, கொழுக்கட்டை அடைத்ததுபோல நிற்போம். அதற்குப் பதிலாக நான் ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு வந்தேன். பிறகு ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்தேன். ஐஸ்கிறீமைத் தாய் சாப்பிட்டாள். சைக்கிள் பனிக்காலம் முழுவதும் படிக்கட்டுக்குக் கீழே நின்றது.

அப்போது நான் ஸ்காபரோவில் குசினி அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்து வாள் மெசினில் நின்றவன் ஒரு ஸ்பெயின்காரன். என் வயதுதான். இரண்டு பேருடைய இங்கிலிஷும் நொண்டி என்பதால் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். அவனுக்கு நான் கற்பித்த ஒரே தமிழ்ச் சொல் "மச்சான்". அதையே அவன் காலை வணக்கத்துக்கும் பாவிப்பான், கையை வெட்டிக்கொண்டாலும் பாவிப்பான். ஆகவே அவனை இங்கேயும் மச்சான் என்றே சொல்கிறேன்.

வேலை முடிய மரத்தூளைக் கூட்டிப் பைகளில் அள்ளும்போது மச்சான் ஒவ்வொரு நாளும் ஒரே கதையைச் சொல்லுவான். "எங்கட ஊரில இது குப்பை இல்லை, மச்சான்." மலையடிவாரத்தில் இருக்கும் அவனுடைய சின்ன ஊரில், ஜூன் மாதம் திருவிழாவன்று, மரத்தூளுக்குச் சாயம் போட்டு, வீதி நீளத்துக்கும் கம்பளம் விரித்ததுபோலப் படம் போடுவார்களாம். பிறகு நற்கருணையைத் தங்கப் பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு பாதிரியார் அதன்மேல் நடந்து வருவாராம். அவன் ஒவ்வொரு வருஷமும் அதற்கென்றே லீவு எடுத்துக்கொண்டு போவான். அந்த வருஷம் எங்களையும் வரச்சொன்னான்.

நான் இதை ஒரு பகிடியாகத்தான் வீட்டில் சொன்னேன். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், தண்ணீரை நிற்பாட்டினாள்.

"போவம்," என்றாள்.

"உனக்கென்ன விசரே? ஸ்பெயினில ஆர் இருக்கினம் எங்களுக்கு?"

"மூண்டு நாளுக்கு அவளை விடாத மனிசன், பத்து நாளுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோவன். வேற என்னத்தைச் செய்து அவளைக் கதைக்க வைக்கப்போறியள்? இன்னொரு சைக்கிள் வாங்கப்போறியளோ?"

எங்களுக்குக் கனடாக் கடவுச்சீட்டுக் கிடைத்துச் சில மாதங்கள்தான். ஊரில் சண்டை, அங்கே போக வழியில்லை. மூன்று கடவுச்சீட்டும் ஒரு முத்திரைகூட விழாமல் அலுமாரிக்குள் கிடந்தன. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம் எழுதினேன். மகளிடம் தாய் சொன்னாள். "ஓகே," என்றாள் மகள், தாயைப் பார்த்து.

மட்ரிட்டில் இறங்கி ஒரு சின்னக் கார் வாடகைக்கு எடுத்தோம். கையால் கியர் மாற்றுகிற கார். ஊரில் லொறி ஓட்டியவன் நான் என்று மனைவிக்குப் பெருமையடித்துவிட்டு வெளிக்கிட்டு, விமான நிலைய வாசலிலேயே நாலு தரம் எஞ்சினை நிற்பாட்டினேன். பின்னால் வந்தவர்கள் அடித்த ஹோனில் எனக்கு வியர்த்துவிட்டது. பின்சீற்றில் மகள் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு இருந்தாள். எங்கள் மூன்று பேரிலும் வரைபடம் பார்க்கத் தெரிந்தவள் அவள் மட்டும்தான். அங்கேதான் வந்தது வினை.

"அம்மா, அவரை அடுத்த எக்ஸிற் எடுக்கச் சொல்லுங்கோ."

"இஞ்சேருங்கோ, அடுத்த எக்ஸிற்றாம்," என்பாள் மனைவி. அதற்குள் எக்ஸிற் போய்விடும்.

"என்ர காது செவிடே? நேர எனக்குச் சொன்னால் என்ன?" என்று கத்துவேன். கொஞ்ச நேரத்தால் மறுபடியும், "அம்மா, அவர் பிழையான ரோட்டில போறார்."

ஒரு ஊரின் சுற்றுவட்டத்தை மூன்று தரம் சுற்றினோம். அதன் நடுவில் நின்ற காளைச் சிலை எங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்திருக்கும். "நானென்ன தபால்காரியே உங்கள் ரெண்டு பேருக்கும்!" என்று மனைவி கடைசியில் வெடித்தாள். அதன்பிறகு அவளும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒலிவ் மரங்களும் காய்ந்த சிவப்பு மண்ணும். ஐந்து மணித்தியாலப் பயணம் எங்களுக்கு ஒன்பது எடுத்தது. கண்ணாடியில் மகளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. வெயில் கண்ணில் குத்துகிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

மச்சானின் வீடு வீதியோரத்தில் இருந்தது, கதவைத் திறந்தால் காலடியில் தெரு. மச்சான் எங்களுக்கு முதலே வந்து நின்றான், மற்ற நாளில் அங்கே அவனுடைய அக்கா தனியாகத்தான். எங்களைப் பார்த்ததும் என் மகளின் கன்னம் இரண்டையும் பிடித்து முத்தம் கொடுத்து, ஏதோ கேட்டாள். மகள் சிரித்தாள். எனக்கு அது வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. கூடவே கொஞ்சம் எரிச்சலும்.

திருவிழாவன்று விடிய முன்னமே வீதி முழுவதும் சனம் முழங்காலில் நின்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் வாசலுக்கு நேரே உள்ள துண்டு அவர்களுடைய பொறுப்பு. வெண்கட்டியால் கோடு போட்டிருந்தார்கள். சாக்குச் சாக்காக மரத்தூள், மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம். இவ்வளவு காலமும் நான் அள்ளிக் குப்பையில் எறிந்த சாமான். மச்சானின் அக்கா என் மகளின் கையில் ஓர் அரிதட்டைக் கொடுத்து, கோட்டுப் படத்தில் ஒரு புறாவின் செட்டையைக் காட்டினாள். அது அவளுடைய பங்கு. நீலத் தூளை அரித்து அரித்து, விரலால் ஒதுக்கி, காற்றுக்குப் பறக்காமல் தண்ணீர் தெளித்து, மூன்று மணித்தியாலம் அவள் நிமிரவில்லை. வீட்டில் தைப்பொங்கலுக்குக் கோலம் போடக் கூப்பிட்டால் முதுகு நோகுது என்கிறவள்.

நான் சும்மா நின்றிருக்கலாம். "பிள்ளை, உந்த ஓரத்தில வெள்ளை காணாது," என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இஞ்சால வாங்கோ நீங்கள்," என்று மனைவி என்னைக் கையில் பிடித்து அப்பால் கொண்டுபோனாள்.

அங்கே நிற்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சாமி இந்த வாசலால் வரப்போகிறது. எங்கள் ஊரில் சாமி வீதியுலா வந்தால் ஒருவரும் வெறும் வாசலோடு நிற்க மாட்டார்கள். படலையடியில் மேசை வைத்து, வெள்ளைத் துணி விரித்து, குடத்தில் தண்ணீர் நிறைத்து, மாவிலையும் தேங்காயும் வைத்து, இரண்டு பக்கமும் விளக்குக் கொளுத்தி வைப்போம். நிறைகுடம் இருக்கிற ஒவ்வொரு வாசலிலும் சாமி நின்றுதான் போகும். இவர்கள் எங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறார்கள். நாங்கள் என்ன செய்தோம்?

"அது அவையின்ர சாமியெல்லே," என்றாள் மனைவி.

"ஆற்ர சாமியெண்டால் என்ன, வாசலால வருது!"

மச்சானிடம் மேசை கேட்டேன். அவன் முழங்காலில் நின்று தூள் அரித்துக்கொண்டிருந்தவன், என்ன ஏது என்று கேளாமல், "எடு மச்சான், எடு," என்று கையைக் காட்டினான். அக்காவின் குசினியில் ஒரு பெரிய செப்புப் பானை இருந்தது. கழுவித் தண்ணீர் நிறைத்தேன். மாவிலைக்கு எங்கே போவது? பின்வளவில் எலுமிச்சை மரம் நின்றது, ஐந்து கொப்பு முறித்தேன். தேங்காய் இல்லை. அந்த ஊரில் மஞ்சளும் பச்சையுமாய் ஒருவகை வத்தகப்பழம் விற்றார்கள், அதில் சின்னதாய் ஒன்று எடுத்துப் பானையின் வாயில் இருத்தினேன். அளவாய்ப் பொருந்தியது. மனைவி தன் கைப்பையிலிருந்து சந்தனம் எடுத்துப் பானைக்கு மூன்று பொட்டு வைத்தாள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அரிசி பரப்பி, நடுவில் பானையை இருத்தி, இரண்டு பக்கமும் மெழுகுதிரி கொளுத்தினோம். எனக்கு நல்ல திருப்தி. மகள் எழும்பி நின்று மேசையைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள். வாய்க்குள் "ஓ மை கோட்" என்றாள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மணி அடித்தது. முன்னுக்குப் பெரிய பேண்ட் வாத்தியம். வெள்ளை உடுப்புப் போட்ட சிறுபிள்ளைகள் கரையால் நடந்தார்கள். நாலு பேர் பிடித்த சித்திரவேலைப் பந்தலுக்குக் கீழே, வயதான பாதிரியார் கதிர் விரிந்த தங்கப் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கம்பளத்தின் மேல் வந்தார். அவர் கால் வைத்த இடமெல்லாம் படம் கலைந்தது. புறாவின் நீலச் செட்டை என் கண் முன்னால் குழம்பிப்போனது. மூன்று மணித்தியால வேலை! மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு ஒரு கவலையுமில்லை, சிரித்துக்கொண்டு நின்றாள்.

பாதிரியார் எங்கள் மேசைக்கு நேரே வந்ததும் நின்றார். நின்றதோடு மட்டுமல்ல, எங்கள் பக்கம் திரும்பினார். வாத்தியம் நின்றது. பின்னால் வந்த ஊர் முழுவதும் நின்றது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நிறைகுடம் வைத்த வாசலில் சாமி நின்றுவிட்டது! ஊரை விட்டு வந்த பத்து வருஷமாக எனக்குக் கிடைக்காத ஒன்று. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கேட்டதும் ஒன்றுதான். என் பிள்ளை என்னோடு கதைக்கவேணும்.

"அப்பா!"

யாரோ ஒரு பிள்ளை யாரையோ கூப்பிடுகிறது என்று நினைத்தேன். அந்த ஊரில் வேறு எந்தப் பிள்ளை அப்பா என்று கூப்பிடும் என்ற அறிவு எனக்கு வரவில்லை.

"அப்பா, கண்ணைத் திறவுங்கோ! அவருக்கு அதை வைக்க இடமில்லை. பானையைத் தூக்குங்கோ, அப்பா!"

கண்ணைத் திறந்தேன். பாதிரியார் என் மேசைக்கு முன்னால், அந்தப் பாரமான பாத்திரத்தோடு நின்றார். மேசையில் இடம் தேடினார். இடம் எங்கே? நடுவில் என் பானை ராசாபோலக் குந்தியிருந்தது. நான் பாய்ந்து தூக்கினேன். விளிம்புவரை தண்ணீர், ஒரு ஆளின் பாரம். வத்தகப்பழம் உருளப் பார்த்தது. மகள் ஓடிவந்து ஒரு கையால் பழத்தைப் பிடித்தாள், மற்றக் கையைப் பானைக்குக் கீழே கொடுத்தாள். பாதிரியார் பாத்திரத்தை வெள்ளைத் துணியில், என் அரிசிக்கு நடுவில் வைத்தார். தூபம் காட்டினார்கள். வீதி முழுவதும் முழங்காலில் நின்றது. ஆயிரம் சனத்துக்கு நடுவில் நிமிர்ந்து நின்றது நாங்கள் இரண்டு பேர்தான், ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு. கீழே வைக்கவும் முடியாது, அசையவும் முடியாது. ஏழு மாதத்தில் அவளுடைய முகம் எனக்கு இவ்வளவு கிட்ட வந்ததில்லை. நெற்றியில் நீலத் தூள் ஒட்டியிருந்தது.

இப்போது சொல்லாவிட்டால் சாகும்வரை சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"பிள்ளை," என்றேன். "அண்டைக்கு பஸ்ஸடியில நான் செய்தது பிழை. உன்னை எல்லாருக்கும் முன்னால..."

அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கும்.

"இப்ப வேண்டாம், அப்பா," என்றாள். "தண்ணி ஊத்துது."

உண்மைதான். முன்பக்கச் சட்டை முழுவதும் நனைந்து, தண்ணீர் சப்பாத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

பவனி போனபிறகு மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த ஊரில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி கொளுத்திய மேசை என்றால் அது பீடமாம். பாதிரியார் நின்று ஆசீர்வதிக்கும் இடம். அப்படி மூன்று இடங்களைக் கோயிலில் முதலே தீர்மானித்திருப்பார்களாம். நாலாவதை நான் வைத்துவிட்டேன். பாதிரியாருக்குக் கண் பார்வை மட்டு, மேசையைக் கண்டதும் நின்றுவிட்டார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று அக்காவைத் தேடினேன். பாருங்கள், ஒருநாளில் இரண்டாவது தரம்! அவள் வாசற்படியில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். பிறந்து வளர்ந்த அந்த வீட்டு வாசலில் ஆண்டவர் ஒருநாளும் நின்றதில்லையாம், இன்றுதான் நின்றாராம். என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். பிறகு எல்லாருமாக வத்தகப்பழத்தை வெட்டிச் சாப்பிட்டோம்.

மட்ரிட்டுக்குத் திரும்பும்போது மகள் வரைபடத்தோடு முன்சீற்றில் ஏறினாள். தபால்காரி பின்சீற்றில் நித்திரை. ஐந்து மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தோம். வழியில் ஒருதரம் அவள், "அண்டைக்கு நீங்கள் திரும்பி வந்திருக்கலாம். பஸ் அங்கேயேதான் நிண்டது," என்றாள். "தெரியும்," என்றேன். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

செப்டெம்பரில் அவள் புதுப் பள்ளிக்கூடம், ஒன்பதாம் வகுப்பு. இரண்டாவது மாதமே குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கடதாசி தொங்கியது. மூன்று நாள், ஓர் ஏரிக்கரை. சோறு போடுமுன் கையெழுத்து வைத்தேன். அன்று காலை நானே காரில் கொண்டுபோய் இறக்கினேன். இந்த முறை கார்க் கதவைச் சாத்திவிட்டு, அவளுடைய பையை நானே தூக்கிக்கொண்டு பஸ்ஸடிக்குப் போனேன். அதே நெடுத்த பெடியன், அவனும் இதே பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தான், அங்கே நின்று பைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் இரண்டடி பின்னுக்குப் போனான். பாவம்.

"இந்தாரும் தம்பி," என்று பையை அவனுடைய கையில் கொடுத்தேன்.

திரும்பிக் காருக்கு நடந்தேன். நிற்கக்கூடாது, பார்க்கக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டிருந்தாள்.

"அப்பா, போயிட்டு வாறன்!"

பஸ்ஸின் யன்னல் முழுக்க முகங்கள். அவ்வளவு பேருக்கும் முன்னால், பஸ்ஸின் வாசற்படியில் நின்று, தமிழில் கத்தினாள், ஓரக்கண்ணால் கண்டுவிட்டேன். எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்காதவன்போலவே நடந்தேன். இன்னொருதரம் கூப்பிடட்டும் என்றுதான்.

"அப்பா!"